லண்டனில் மோசடி வழக்காடும் பாரிஸ்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்கிற மாணவர்கள் கேட்பது, பிள்ளையை லண்டனுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோர் கேட்பது, பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் கேட்பது என மூன்று விதக் கேள்விகள் இதில் கலந்திருக்கின்றன. பதில்கள் எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தைப் பற்றியவை. ஸ்காட்லாந்தின் முறையே வேறு.

பாரிஸ்டர் என்றாலே காந்தி காலத்து ஞாபகம்தான் வருகிறது. இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், 17,000 பேருக்கு மேல். காந்தி 1891-இல் இன்னர் டெம்பிள் என்ற ‘இன்’னில், அதாவது பாரிஸ்டர் சங்கத்தில், பாரிஸ்டர் ஆனார். அந்த இன்னர் டெம்பிளும், மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் ஆகிய மற்ற மூன்றும் இன்றைக்கும் லண்டனில் இருக்கின்றன. ஒருவரைப் பாரிஸ்டர் ஆக்கும் உரிமை இந்த நான்குக்கு மட்டுமே உண்டு.

இந்தியாவில் 1961-இன் வழக்கறிஞர் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் அட்வகேட்தான். இலங்கையில் நீதிமன்றத்தில் வாதாடும் அப்புக்காத்து, வழக்கைத் தயார் செய்யும் பிரக்கிராசி என்ற பிரிவு 1970-களில் போய்விட்டது. இங்கிலாந்தில் அந்தப் பழைய ஏற்பாடு இன்னும் நிற்கிறது. கட்சிக்காரரைப் பார்ப்பது, ஆவணங்களைத் திரட்டுவது, வழக்கை நடத்திச் செல்வது எல்லாம் சொலிசிட்டர் வேலை. வழக்குரை எழுதுவது, சட்டக் கருத்து சொல்வது, நீதிபதி முன் நின்று பேசுவது பாரிஸ்டர் வேலை. பெரும்பாலான பாரிஸ்டர்களுக்கு முதலாளி கிடையாது. ‘சேம்பர்ஸ்’ என்ற பெயரில் பலர் சேர்ந்து இடத்தையும் அலுவலகச் செலவையும் பகிர்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். ஒரே சேம்பர்ஸில் அடுத்தடுத்த அறையில் இருக்கும் இருவர் ஒரே வழக்கில் எதிரெதிராக வாதாடுவது அங்கே சாதாரண விஷயம். நம் ஊர்க் கட்சிக்காரர்களுக்கு இது கடைசிவரை பிடிபடாது.

வணிக வழக்கு என்றால் எந்த மாதிரி வழக்குகள்?

கப்பல் சரக்கு, காப்பீடு, வங்கிக் கடன், கம்பெனி விற்பனை, எண்ணெய் ஒப்பந்தம் என்று பெரிய பணம் புரளும் எல்லாமே. இவற்றுக்கென்றே வணிக நீதிமன்றம் 1895-இல் வந்தது. வந்த கதை வேடிக்கையானது. கப்பல் சரக்கு நட்டத்தை யார் யார் எவ்வளவு ஏற்பது என்ற சிக்கலான வழக்கு ஒன்று, அந்தத் துறையே தெரியாத லாரன்ஸ் என்ற நீதிபதியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதைக் கையாண்ட விதத்தைப் பார்த்து நகரத்து வணிகர்கள் நொந்துபோனார்கள். வியாபாரம் தெரிந்த நீதிபதி வேண்டும் என்ற குரல் அதற்கப்புறம்தான் வலுத்தது. ஒரு நீதிபதியின் தடுமாற்றத்தால் ஒரு நீதிமன்றமே பிறந்தது என்று இன்றும் பாரிஸ்டர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது இந்த வழக்குகள் நடப்பது ஃபெட்டர் லேனில் உள்ள ரோல்ஸ் பில்டிங்கில். கண்ணாடியும் லிஃப்டும் கொண்ட அலுவலகக் கட்டடம் மாதிரித்தான் இருக்கும். வழக்காடுபவர்களில் ஏராளமானோர் வெளிநாட்டுக்காரர்கள். கஜகஸ்தான் வங்கியும் சைப்ரஸ் கம்பெனியும் லண்டனில் ஏன் சண்டை போடுகின்றன? ‘இங்கிலாந்துச் சட்டமே செல்லும், லண்டன் நீதிமன்றமே விசாரிக்கும்’ என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருப்பார்கள். அல்லது பிரதிவாதி லண்டனில் வீடு வாங்கிக் குடியேறியிருப்பார்.

மோசடி என்றால் போலீஸ், ஜெயில்தானே? பாரிஸ்டருக்கு அதில் என்ன வணிகம்?

அது குற்றவியல் பக்கம். இங்கே பேசுவது உரிமையியல் மோசடி, அதாவது ஏமாந்தவர் தன் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தானே போடும் வழக்கு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். உரிமையியல் வழக்கில் ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். நடைமுறையில் ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவரே.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஆட்டானமி வழக்கைப் பாருங்கள். மைக் லிஞ்ச் தொடங்கிய ஆட்டானமி என்ற பிரிட்டிஷ் மென்பொருள் கம்பெனியை ஹியூலெட்-பேக்கர்டு 2011-இல் 1,100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. மறு வருடமே, கணக்கில் தில்லுமுல்லு என்று சொல்லி 880 கோடி டாலரை மதிப்பிலிருந்து கழித்தது. லண்டனில் உரிமையியல் வழக்கு. 2022-இல் நீதிபதி ஹில்ட்யார்டு பெருமளவு ஹியூலெட்-பேக்கர்டு பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதே விவகாரத்தில் அமெரிக்காவில் குற்ற வழக்கு நடந்தது. 2024 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி லிஞ்சை விடுதலை செய்தது. ஆகஸ்டில் சிசிலிக் கடலில் அவருடைய படகு மூழ்கி அவர் இறந்துபோனார். 2025 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் இழப்பீட்டைக் கணக்கிட்டது: 70 கோடி பவுண்டுக்கு மேல். ஒரே நடவடிக்கைகள், இரண்டு நாடு, இரண்டு விதமான அளவுகோல், இரண்டு முடிவு. சட்டப்படி இதில் முரண்பாடு எதுவுமில்லை.

‘ஏமாற்றினார்’ என்று வழக்குரையில் எழுதிவிட்டால் போதாதா? அதில் என்ன கஷ்டம்?

இந்தத் தொழிலின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மோசடி பாரிஸ்டர் என்றால் குற்றம் சாட்டுவதில் கெட்டிக்காரர் என்று நினைக்கிறார்கள். நல்ல மோசடி பாரிஸ்டரின் மதிப்பு, எதைக் குற்றமாகச் சாட்டக்கூடாது என்று சொல்வதில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். 1889-இல் டெர்ரி எதிர் பீக் என்ற வழக்கு. பிளிமத் பகுதியில் டிராம் ஓட்டும் கம்பெனி ஒன்று, தன் டிராம்களை நீராவியால் ஓட்ட உரிமை இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டுப் பங்கு விற்றது. உண்மையில் அதற்கு வர்த்தக வாரியத்தின் சம்மதமும் வேண்டும். வாரியம் மறுத்தது, கம்பெனி மூழ்கியது. இயக்குநர்கள் மோசடிக்காரர்களா? இல்லை என்றது அன்றைக்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை. சம்மதம் எப்படியும் கிடைத்துவிடும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். பொய் என்று தெரிந்து சொன்னால் மோசடி. உண்மை என்ற நம்பிக்கை இல்லாமல் சொன்னால் மோசடி. உண்மையோ பொய்யோ எனக்கென்ன என்று சொன்னாலும் மோசடி. முட்டாள்தனமாக நம்பிச் சொன்னால் மோசடி ஆகாது. ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது எதிராளியின் மனசுக்குள் அன்றைக்கு என்ன இருந்தது என்பதை.

அப்புறம் தொழில் விதி. கட்சிக்காரர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மோசடி நடந்தது என்று வாதிடுவதற்கு நம்பகமான ஆதாரம் கையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பாரிஸ்டர் ‘மோசடி’ என்று எழுதக்கூடாது. கட்சிக்காரர் எவ்வளவு கோபமாக இருந்தாலும் சரி, எவ்வளவு ஃபீஸ் கொடுத்தாலும் சரி. மீறினால் பாரிஸ்டர் மீதே ஒழுங்கு நடவடிக்கை வரும்.

விதியின் எல்லைக்குள் இருந்தே தவறான குற்றச்சாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு பி.சி.சி.ஐ. என்ற பன்னாட்டு வங்கியின் வழக்கைச் சொல்வார்கள். 1991-இல் அந்த வங்கி இழுத்து மூடப்பட்டது. வங்கி பணம் தர வேண்டியிருந்தவர்கள் சார்பில், அதைக் கலைத்துக் கணக்குத் தீர்க்க நியமிக்கப்பட்டவர்கள், மேற்பார்வை பார்க்க வேண்டிய பாங்க் ஆஃப் இங்கிலாந்து மீதே வழக்குப் போட்டார்கள். கவனக்குறைவு என்று வழக்குப் போட முடியாது, சட்டம் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. அதனால் அதிகாரிகள் வேண்டுமென்றே, நேர்மையில்லாமல் நடந்தார்கள் என்று சாட்ட வேண்டியதாயிற்று. 2004 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. வாதித் தரப்பின் தொடக்க உரை மட்டும் 80 நாள், வங்கித் தரப்பின் பதிலுரை 119 நாள். 2005 நவம்பரில், 256-ஆம் நாள், வாதிகள் தாங்களாகவே வழக்கைக் கைவிட்டார்கள். ஒரு அதிகாரியின் நேர்மையின்மைகூட நிரூபணம் ஆகவில்லை. வங்கியின் செலவையும் கடுமையான அளவுகோலில் வாதிகள் தலையில் கட்டினார்கள்.

நான் வழக்குப் போட்டு முடிப்பதற்குள் பணம் பறந்துவிடாதா?

பறந்துவிடும். அதற்குத்தான் சொத்து முடக்க ஆணை இருக்கிறது. 1975-இல் மரேவா என்ற கப்பல் கம்பெனி வழக்கில் நீதிபதி டென்னிங் பிரபு உறுதிசெய்தது இது. பல வருடங்கள் மரேவா ஆணை என்றே பெயர். இந்தியாவில் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்வதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே சொத்து யார் கைக்கும் மாறுவதில்லை. ‘இந்த அளவுக்குக் கீழே உன் சொத்தைக் குறைக்காதே’ என்று ஆளுக்குத்தான் உத்தரவு. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

நடப்பது இப்படி. வியாழக்கிழமை மாலை சொலிசிட்டர் கூப்பிடுவார்: கணக்கில் 3 கோடி பவுண்டு குறைகிறது, நிதி அதிகாரி லீவில் போனவர் வரவில்லை, துபாய்க்கு ஏதோ கம்பெனிக்குப் பணம் போயிருக்கிறது. ராத்திரி முழுக்க உறுதிமொழிப் பத்திரம் தயாராகும். வெள்ளிக்கிழமை எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் நீதிபதி முன் விசாரணை. தெரிந்தால் பணம் போய்விடும் என்பதுதான் காரணம். நீதிபதியிடம் மூன்று விஷயம் காட்ட வேண்டும்: வழக்கில் சரக்கு இருக்கிறது, முடக்க எங்கேயோ சொத்து இருக்கிறது, அது கைமாறிவிடும் அபாயம் உண்மையானது. கையெழுத்தான ஆணை அன்றே வங்கிகளுக்குப் போய்ச் சேரும். பல நேரம் பிரதிவாதிக்கு விஷயம் தெரிவது, கடையில் அவருடைய கார்டு வேலை செய்யாதபோதுதான்.

அந்த அறையில் எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை என்பதால், எதிர்த்தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். உங்களுக்குப் பாதகமான கடிதம் இருந்தால் அதையும் எடுத்து நீதிபதியிடம் காட்ட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் ஆணையே கலைந்துவிடும். ஆணை தப்பாகப் பெறப்பட்டது என்றாகிவிட்டால் பிரதிவாதியின் நட்டத்தைக் கட்சிக்காரர் ஈடுகட்டுவார் என்ற உறுதியையும் கொடுத்தாக வேண்டும்.

வாழ்க்கைச் செலவுக்கும் வக்கீல் செலவுக்கும் ஆணையில் விலக்கு உண்டு. விஜய் மல்லையா மீது ஸ்டேட் பாங்க் தலைமையில் 13 வங்கிகள் லண்டனில் உலகளாவிய முடக்க ஆணை வாங்கியபோது, அவருக்கு வாரச் செலவாக முதலில் 5,000 பவுண்டு என்று இருந்து, பிறகு 18,000 பவுண்டுக்கு மேல் உயர்ந்தது. செய்தியைப் படித்துக் கொதித்தவர்கள் உண்டு. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்; பிரதிவாதி வாழ்ந்து பழகிய வசதியைப் பார்த்துத்தான் தொகை. 2018 மே மாதம் அந்த ஆணையை ரத்துச் செய்ய நீதிபதி மறுத்துவிட்டார்.

ஆணையை மதிக்காவிட்டால்? கஜகஸ்தானின் பி.டி.ஏ. வங்கியின் முன்னாள் தலைவர் அப்லியாசோவ் தன் சொத்துகளை முழுமையாக வெளிப்படுத்தவில்லை. 2012-இல் 22 மாதச் சிறை விதித்தார்கள். அவர் தீர்ப்பைக் கேட்க வரவில்லை, நாட்டைவிட்டே போய்விட்டார். சரணடையாவிட்டால் எதிர்வாதம் செய்யும் உரிமை போய்விடும் என்றது நீதிமன்றம், போயும்விட்டது. மறு வருடம் பிரான்சில் பிடிபட்டார்.

யார் ஏமாற்றினார்கள் என்றே தெரியவில்லை. யார் மேல் வழக்குப் போடுவது?

‘பெயர் தெரியாத நபர்கள்’ மேலேயே போடலாம். 2019-இல் கனடாக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் கணினிகளை யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். 9,50,000 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தாயிற்று. அதில் 96 பிட்காயின் ஒரு பரிவர்த்தனைத் தளத்தின் கணக்கில் இருப்பதாகத் தடம் பிடித்தார்கள். லண்டன் நீதிமன்றம் பிட்காயினைச் சொத்தாக ஏற்று, பெயர் தெரியாதவர்களுக்கு எதிராகவே தடை ஆணை கொடுத்தது.

ஆளைக் கண்டுபிடிக்க 1973-இலிருந்தே ஒரு வழி இருக்கிறது. நார்விச் ஃபார்மகல் என்ற கம்பெனியின் காப்புரிமை மருந்தை யாரோ திருட்டுத்தனமாக இறக்குமதி செய்தார்கள். யார் என்பது சுங்கத்துறைக்கு மட்டும் தெரியும். சுங்கத்துறை தப்பு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்றது பிரபுக்கள் அவை. இன்று இந்த ஆணையை அதிகம் சந்திப்பவை வங்கிகளும் கிரிப்டோ தளங்களும்.

குறுக்கு விசாரணை சினிமாவில் வருகிற மாதிரி இருக்குமா?

கத்தல் கிடையாது. மேஜையைத் தட்டினால் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அதோடு சரி.

ஒரு உதாரணம், கற்பனைதான். கம்பெனியை விற்ற இயக்குநர், பெரிய வாடிக்கையாளர் விலகப்போவது ஜூனில்தான் தெரியும் என்கிறார். விற்பனை மே மாதம். பாரிஸ்டரிடம் ஏப்ரல் மாத மின்னஞ்சல் ஒன்று இருக்கிறது. அனுபவமில்லாதவர் அதை முதலிலேயே நீட்டிவிடுவார். சாட்சி ‘நான் அதைப் படிக்கவே இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அனுபவசாலி முதலில் கதவுகளைச் சாத்துவார். ஜூன் வரை தெரியாது, அப்படித்தானே? ஆமாம். உங்கள் மின்னஞ்சலை உதவியாளர் யாராவது பார்ப்பதுண்டா? இல்லை, நானேதான். பெரிய வாடிக்கையாளர் விஷயம் என்றால் உடனே படிப்பீர்கள்? நிச்சயமாக. சரி, மூன்றாம் தொகுப்பு, 412-ஆம் பக்கம். எல்லோர் திரையிலும் அந்த மின்னஞ்சல் வருகிறது. அதற்குக் கீழே இயக்குநரின் பதில், ‘இதை இப்போதைக்கு யாரிடமும் பேச வேண்டாம்.’ அதற்குப் பிறகு பாரிஸ்டர் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்: நீங்கள் தெரிந்தே மறைத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1893-இலிருந்து இருக்கிற நியதி. மறைமுகமாகக் குத்திக்காட்டிவிட்டு, முடிவுரையில் மட்டும் ‘பொய்யர்’ என்று சொன்னால் எடுபடாது.

ஆவணம்தான் ராஜா. மனித நினைவை நம்பாதீர்கள், அந்தக் காலத்து ஆவணங்களையும் தெரிந்த உண்மைகளையும் வைத்தே முடிவுக்கு வாருங்கள் என்ற பொருளில் நீதிபதி லெகாட் 2013-இல் எழுதிய பத்திகளை வணிக பாரிஸ்டர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் ஆவணமே இல்லாத வழக்கில் சாட்சியின் முகம்தான் எல்லாம். ரஷ்யக் கோடீஸ்வரர் பெரிசோவ்ஸ்கி, இன்னொரு ரஷ்யக் கோடீஸ்வரரான அப்ரமோவிச் மீது 500 கோடி டாலருக்கு மேல் கேட்டுப் போட்ட வழக்கு அப்படிப்பட்டது. பேசியதெல்லாம் வாய்மொழியாக. 2012-இல் நீதிபதி குளோஸ்டர், பெரிசோவ்ஸ்கியைச் சற்றும் நம்பத்தகாத சாட்சி என்று முடிவுகட்டினார், வழக்கு அங்கேயே போயிற்று.

இன்னொன்று, சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அங்கே தடை. நீதிமன்றம் எப்படி இருக்கும், எங்கே உட்கார வேண்டும் என்று காட்டலாம். இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் தினசரி வேலை என்ன?

வாசிப்பது. ஜூனியர் பாரிஸ்டரின் வாழ்க்கையில் நீதிமன்றத்தில் நிற்கும் நேரம் கொஞ்சம், திரை முன் உட்காரும் நேரம் மிக அதிகம். வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் உரையாடல், கம்பெனிப் பதிவேடு. எந்த மின்னஞ்சலுக்கு யார் பதில் போடவில்லை என்று பார்ப்பதும் வேலைதான்.

இதன் பலன் எங்கே தெரிந்தது என்றால் நைஜீரியா வழக்கில். எரிவாயு ஆலை கட்டுவதாக 2010-இல் நைஜீரிய அரசோடு ஒப்பந்தம் போட்ட பி அண்டு ஐ.டி. என்ற கம்பெனி, ஆலை கட்டாமலேயே 2017-இல் நடுவர் மன்றத்தில் அந்த அரசுக்கு எதிராக 660 கோடி டாலர் தீர்ப்பு வாங்கியது. வட்டியோடு அது 1,100 கோடியைத் தாண்டியது. அதை எதிர்க்கச் சட்டம் கொடுப்பது 28 நாள். நைஜீரியா வந்தது பல வருடம் கழித்து. மோசடி தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது என்று 2020-இல் கால நீட்டிப்புக் கிடைத்தது. வங்கிப் பதிவுகளைத் தோண்டித் தோண்டி, அரசு அதிகாரிக்கு லஞ்சம் போனது, பொய் வாக்குமூலம் தரப்பட்டது, நைஜீரியாவின் சொந்த வக்கீல்களின் ரகசியக் கடிதங்கள் எதிராளி கையில் இருந்தது எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தார்கள். 2023 அக்டோபரில் நீதிபதி நோல்ஸ் தீர்ப்பு நைஜீரியாவுக்குச் சாதகம்.

மோசடிக்காரர் என்று தெரிந்தே அவருக்காக வாதாடுவது நியாயமா?

முதலில், ‘தெரிந்தே’ என்பது அபூர்வம். முடிவு சொல்வது நீதிபதி. பாரிஸ்டர்களுக்கு டாக்ஸி ஸ்டாண்டு விதி என்று ஒன்று உண்டு: தன் துறை, தனக்கு நேரம் இருக்கிறது, நியாயமான ஃபீஸ் என்றால் ஆளைப் பிடிக்கவில்லை என்று வழக்கை மறுக்கக் கூடாது. அதே சமயம் நீதிமன்றத்தைத் தெரிந்தே ஏமாற்றவும் கூடாது. கட்சிக்காரர் ‘ஆமாம், அந்த ரசீது நான் போலியாகச் செய்ததுதான்’ என்று சொல்லிவிட்டால், அதை உண்மையென்று பாரிஸ்டர் நீட்ட முடியாது. கட்சிக்காரர் திருத்திக்கொள்ள மறுத்தால் விலக வேண்டும். விலகும் காரணத்தை வெளியே சொல்லவும் முடியாது.

பாரிஸ்டர் ஆவது எப்படி?

சட்டப் பட்டம், அல்லது வேறு பட்டத்தோடு ஒரு வருட மாற்றுப் படிப்பு. வேறு பட்டக்காரர்களை யாரும் குறைத்துப் பார்ப்பதில்லை. அப்ரமோவிச்சுக்காக வாதாடி ஜெயித்த ஜோனதன் சம்ப்ஷன், இடைக்கால வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தவர். பிறகு ஒரு இன்னில் சேர்ந்து, பார் படிப்பை முடித்து, பியூப்பிலேஜ் என்ற 12 மாதப் பயிற்சி. முதல் ஆறு மாதம் மூத்தவர் பின்னால் நடப்பது, அடுத்த ஆறு மாதம் சொந்தமாக வழக்கு எடுக்க அனுமதி. பெரிய வணிக சேம்பர்ஸில் அந்த இரண்டாம் பாதியிலும் பெரும்பாலும் மூத்தவர்களுக்கு எழுதிக்கொடுப்பதுதான் நடக்கும். கடைசியில் சேம்பர்ஸ் உறுப்பினர்கள் வாக்களித்து நிரந்தர இடம் கொடுப்பார்கள், அல்லது கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

குறுகலான வாசல் பியூப்பிலேஜ்தான். படிப்பை முடிப்பவர்கள் பல மடங்கு, இடங்கள் சில நூறு. அதனால், பார் படிப்புக்கு 15,000 பவுண்டு போலக் கட்டும் முன்பே பியூப்பிலேஜுக்கு விண்ணப்பித்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கடன் வாங்கிப் படித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பெற்றோர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். இன்கள் தரும் உதவித்தொகை கணிசமானது, அதைக் கேட்காமல் விடக்கூடாது.

வருமானம்?

பிரிக் கோர்ட், ஃபவுண்டன் கோர்ட், எசெக்ஸ் கோர்ட், ஒன் எசெக்ஸ் கோர்ட் போன்ற முன்னணி வணிக சேம்பர்ஸ், பயிற்சி வருடத்துக்கே 75,000 பவுண்டும் அதற்கு மேலும் தருகின்றன. கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) என்ற மூத்த வழக்கறிஞர் பட்டம் பெற்ற முன்னணி ஆட்கள் வருடம் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டுவது புதிதல்ல. ஆனால் இது வணிக வழக்கின் உச்சி. குற்ற வழக்கில் அரசு உதவிப் பணத்தில் ஓடும் இளம் பாரிஸ்டரின் கணக்கு வேறு. 2022-இல் அவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

ஃபீஸ் பேசுவது பாரிஸ்டர் இல்லை, கிளார்க். சேம்பர்ஸின் உண்மையான அதிகாரம் அந்த அறையில்தான். விசாரணைக்குத் தயாராவதற்கும் முதல் நாளுக்கும் சேர்த்து ஒரு தொகை, அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் தனித் தொகை. விசாரணைக்கு முதல் நாள் சமரசம் ஆகிவிட்டால் பணம் உண்டா என்பதும் அவர் முன்கூட்டியே பேசிவைத்திருப்பார். சம்பளம், லீவு, ஓய்வூதியம் எதுவும் கிடையாது. எழுதிய பில்லுக்குப் பணம் மாதங்கள் கழித்து வரும். வருமானத்தில் ஒரு பங்கு சேம்பர்ஸுக்குப் போகும்.

நான் சென்னையில் அட்வகேட். அங்கே போக முடியுமா?

முடியும். பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டிடம் விண்ணப்பித்தால் உங்கள் அனுபவத்தைப் பார்த்து எந்தெந்தத் தேர்வு எழுத வேண்டும், எதற்கு விலக்கு என்று சொல்வார்கள். ஆனால் தகுதி கிடைப்பது வேறு, சேம்பர்ஸ் கிடைப்பது வேறு. இந்திய ஒப்பந்தம், இந்திய வங்கி, சிங்கப்பூர் நடுவர் மன்றம் என்று கைவசம் வேலை இருப்பவர்களுக்கு வழி திறக்கிறது. சும்மா ‘லண்டன் பாரிஸ்டர்’ என்று போட்டுக்கொள்வதற்காகப் போனால் செலவுதான் மிச்சம்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்த வேலை மிஞ்சுமா?

லட்சக்கணக்கான மின்னஞ்சல்களைச் சலிப்பதில் மென்பொருள் பல வருடமாகவே இருக்கிறது, அது இன்னும் கூடும். ஆபத்து வேறு இடத்தில். கத்தார் நேஷனல் வங்கிக்கு எதிரான ஒரு வழக்கில் 45 மேற்கோள் கொடுத்தார்கள். 18 வழக்குகள் உலகத்திலேயே இல்லை. கட்சிக்காரரே ஏ.ஐ.யைக் கேட்டு எழுதியதை அவருடைய சொலிசிட்டர் சரிபார்க்காமல் தாக்கல் செய்திருந்தார். 2025 ஜூனில் உயர் நீதிமன்றம், இப்படிச் செய்தால் நீதிமன்ற அவமதிப்பு வரை போகும் என்று எச்சரித்தது. எதிராளியைப் பொய்யர் என்று நிரூபிக்க வந்தவர் பொய்யான தீர்ப்பை நீட்டினால் அதற்கப்புறம் அவர் பேச்சை யார் கேட்பார்கள்?

என்னையே ஏமாற்றிப் பணம் அனுப்பவைத்துவிட்டார்கள். நேரே பாரிஸ்டரிடம் போகலாமா?

நேரடியாகப் பொதுமக்களிடம் வழக்கு எடுக்கத் தகுதி பெற்ற பாரிஸ்டர்கள் உண்டு. ஆனால் முதல் போன் உங்கள் வங்கிக்கு, அதுவும் இப்போதே. 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் கணக்கிலிருந்து கணக்குக்கு ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். மிக அலட்சியமாக இருந்தீர்கள் என்று வங்கி நிரூபித்தால் மறுக்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த விதி உதவாது. மோசடிக்காரர் பேச்சை நம்பி 7,00,000 பவுண்டை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பிய ஒருவர் பார்க்ளேஸ் மீது வழக்குப் போட்டார். வாடிக்கையாளர் தானே தெளிவாக உத்தரவு கொடுத்தால் அதை நிறைவேற்றுவதுதான் வங்கியின் கடமை என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தொகை பெரியது, ஆள் யார் என்று ஓரளவு தெரியும், அவரிடம் சொத்தும் இருக்கிறது என்றால் மட்டும் சொலிசிட்டர், பாரிஸ்டர் என்று இறங்குங்கள். தோற்றவர் ஜெயித்தவரின் செலவில் பெரும் பகுதியைக் கொடுக்க வேண்டிய ஊர் அது. காலக்கெடு மோசடி தெரியவந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து, 6 வருடம். அதுவரை வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கிற வரிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.